நான் வெட்டச் சொன்ன மரம்

"ராஜஸ்தானா? ஐயையோ! அங்கே வெறும் மணல்தானேடி இருக்கும்? குடிக்கத் தண்ணியாவது கிடைக்குமா?"

2012-ஆம் வருடம் என் வீட்டுக்காரருக்கு ஜோத்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் இப்படிக் கேட்காதவர்களே கிடையாது. அம்மா அழுதே விட்டாள். மத்திய அரசு உத்தியோகம்; போகாமல் இருக்க முடியுமா? பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயசு, சின்னவனுக்கு ஐந்து. புளி, அப்பளம், வடகம், இட்லி அரிசி என்று மூட்டை கட்டிக்கொண்டு ஜூன் மாதத்தில் போய் இறங்கினோம். ரயிலை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்த அனல், அடுப்பங்கரையில் கடாயை இறக்கும்போது அடிக்குமே, அந்த அனல்!

ஊருக்குத் தெற்கே, நகரம் முடிந்து வயல்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு தனி வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டைச் சுற்றிக் கொல்லை. கொல்லையில் ஒரே ஒரு மரம். அதைத் தாண்டினால் மணல், முள்செடி, வெயில். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நம் பக்கம் சென்னையில் வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யுமாம். ஜோத்பூரில் சுமார் 360 மில்லிமீட்டர்தான். அதுவும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

அந்தப் பாலைவன ஓரத்தில்தான் ஏழு வருடம் குடித்தனம் செய்தேன். அங்கே பட்டது, கற்றது, செய்யத் தெரியாமல் செய்தது எல்லாவற்றையும் சகோதரிகளிடம் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் கொல்லையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முள்மரத்தோடு சண்டை

கொல்லையில் இருந்தேன் என்றேனே, அந்த மரத்தைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. பொடிப்பொடி இலை, காயப் போட்ட துணியெல்லாம் இலையாக ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு முள். வந்த மூன்றாம் மாதம் பெரியவள் காலில் குத்தி, சீழ் வைத்து, ஊசி போட வேண்டியதாயிற்று. பார்த்தால் அப்படியே நம்மூர்ச் சீமைக் கருவேலம் மாதிரி இருந்தது. நிலத்தடித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சும் மரம் என்று ஊரில் கேட்டிருக்கிறேனா, "இங்கே இருக்கிறதே கொஞ்சம் தண்ணீர், அதையும் இது குடித்துவிடும்" என்று முடிவு கட்டிவிட்டேன். இவரிடம் நச்சரித்து, ஓர் ஆளைக் கோடாலியோடு வரவழைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பால் ஊற்றும் கிழவி வந்தாள். அறுபது வயசு இருக்கும். பளிச்சென்று சிவப்புப் பாவாடை, மூக்கில் பெரிய வளையம், முழங்கை வரை வளையல். பிஷ்னோய் என்னும் வகுப்பைச் சேர்ந்தவள். எல்லோரும் 'மாஜி' என்று கூப்பிடுவார்கள். மாஜி கோடாலியைப் பார்த்தாள். பால் தூக்கைக் கீழே வைத்தாள். நேரே போய் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்!

அவள் சொன்னது எனக்கு ஓர் அட்சரம் புரியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தி 'பானி', 'தூத்', 'கித்னா' அவ்வளவுதான். அவள் பேசியதோ மார்வாடி. ஆனால் கோடாலிக்காரனுக்குப் புரிந்தது. கூலி கூடக் கேட்காமல் போய்விட்டான். வீட்டுச் சொந்தக்காரரும் விஷயம் தெரிந்து போன் செய்து, "மரத்தில் கை வைத்தால் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு மாசம் மாஜியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவளோ ஒன்றும் நடக்காதது போல, பாலை அளந்து ஊற்றிவிட்டு, கைப்பிடி தண்ணீரை மரத்தடியில் விட்டுவிட்டுப் போவாள்.

அக்டோபரில் தசரா வந்தது. வீட்டுக்காரம்மாள் தாம்பாளத்தில் குங்குமம், அட்சதை, விளக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தார். மரத்துக்குப் பொட்டு வைத்து, சுற்றி வந்து கும்பிட்டார். எதற்கு என்று கைச்சாடையில் கேட்டேன். நிதானமாக இந்தியில் சொன்னார். மாஜி 'கேஜ்டி' என்கிற இந்த மரத்துக்கு இன்னொரு பெயர் 'ஷமி'. பாண்டவர்கள் அஞ்ஞாத வாசம் போகும்போது ஆயுதங்களை இதன் மேல்தான் ஒளித்து வைத்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமி! வன்னி மரம்!

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தல விருட்சமே வன்னிதானே! பிறந்தது முதல் அந்த மரத்தைச் சுற்றி வந்தவள் நான். கோயில் திருப்பணி செய்த விபசித்து முனிவர், வேலையாட்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்குத் தகுந்தபடி அது பொன்னாக மாறுமாம். எங்கள் பாட்டி சொன்ன இந்தத் தல புராணத்தை என் குழந்தைகளுக்கும் சோறு ஊட்டும்போது சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட மரம் என் கொல்லையிலேயே நிற்கிறது, அதை அடையாளம் தெரியாமல் கோடாலிக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறேன்! கோயிலில் அதைச் சுற்றிக் கும்பிட்டேனே ஒழிய, ஒரு நாளாவது அண்ணாந்து இலையைப் பார்த்தேனா?

மறுநாள் மாஜி வந்தபோது பாத்திரத்தை நானே கையில் வாங்கிக்கொண்டு, "மாஜி, காப்பி சாப்பிடுங்க" என்றேன். பில்டர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கசப்பு! உங்க ஊரிலே இதையா குடிக்கிறீங்க?" என்று சிரித்தாள். அன்று தொடங்கிய சிநேகிதம் அது.

வேறுபாடு தெரிந்துகொள்ளுங்கள்

வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதனால்தான் நான் ஏமாந்தேன். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஜோத்பூர் சமஸ்தானத்தில் பாலைவனத்தைப் பசுமையாக்க வேண்டும் என்று 1940 வாக்கில் அரசாங்கமே அதற்குப் பாதுகாப்புக் கொடுத்து வளர்த்தது. இன்று அங்கேயும் அது அடங்காமல் பரவிக் கிடக்கிறது. 'விலாயதி பபூல்' என்பார்கள்.

அடையாளம் சுலபம். சீமைக் கருவேலத்தில் நீளமான முள் கணுவுக்குக் கணு இரண்டிரண்டாக இருக்கும். வன்னியில் குட்டையான முள், ரோஜாச் செடியில் இருப்பது போலத் தண்டில் அங்கங்கே இருக்கும். சீமைக் கருவேலத்தின் காய் மஞ்சளாக, தடித்து இருக்கும். வன்னிக் காய் மெல்லிசு. பிஞ்சில் பச்சைக் கயிறு போலத் தொங்கும்.

வன்னியின் வேர் 30 மீட்டருக்கும் மேலே ஆழத்துக்குப் போகக் கூடியது. மேல் மண்ணில் இருக்கும் ஈரத்துக்குப் பயிரோடு போட்டி போடாது. அது பயறு வகையைச் சேர்ந்த மரம். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது. இதனால் குடியானவர்கள் கம்பு வயலின் நடுவிலேயே வன்னியை விட்டு வைக்கிறார்கள். மரத்தடிக் கம்பு மற்ற இடத்தைவிட நன்றாக விளையும் என்று மாஜி காட்டினாள். குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து, இலையை உலர்த்தி வைப்பார்கள். 'லூங்' என்று பெயர். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அதுதான் தீனி. வன்னி இலை பொன்னாகும் என்று பாட்டி சொன்னதன் அர்த்தம், மாஜி வீட்டு ஆடுகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

1868, 69-ஆம் வருடங்களில் ராஜபுதனத்தில் வந்த பெரும் பஞ்சத்தில் ஜனங்கள் இந்த மரத்தின் பட்டையை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்களாம். 1983-இல் ராஜஸ்தான் அரசு இதை மாநில மரமாக அறிவித்தது. 2016 மே 19-ஆம் தேதி, எங்களுக்கு வடக்கே உள்ள பலோதியில் வெயில் 51 டிகிரி செல்சியஸ் போயிற்று. இந்தியாவிலேயே பதிவான உச்சம் அது. அன்று குழாயைத் திறந்தால் கை வைக்க முடியவில்லை. ஈரத் துணியைத் தொங்கவிட்டு நாங்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தோம். எங்கள் வன்னி மட்டும் புது இலை விட்டுப் பசேலென்று நின்றது!

ஒரு மரத்துக்காக

மரத்தை மாஜி ஏன் அப்படிக் கட்டிக்கொண்டாள் என்பது அடுத்த வருடம்தான் முழுசாகப் புரிந்தது. 2013-இல், நம் ஆவணி, புரட்டாசி வாக்கில், ஜோத்பூரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில் உள்ள கேஜட்லி கிராமத்துத் திருவிழாவுக்கு என்னையும் அழைத்துப் போனாள்.

1730-ஆம் வருடம், ஜோத்பூர் மகாராஜா அபய்சிங்கின் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்புக் காளவாய் போட விறகு தேவைப்பட்டது. ஆட்கள் இந்த ஊர் வன்னி மரங்களை வெட்ட வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பிஷ்னோய்ப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு மறித்தாள். ஒரு மரம் தப்பிக்கும் என்றால் ஒரு தலை போவது பெரிதல்ல என்றாளாம். அவளை வெட்டினார்கள். அவளுடைய மூன்று பெண்களும் அப்படியே நின்று உயிர் விட்டார்கள். சுற்று வட்டார கிராமங்களிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்து மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். மொத்தம் 363 பேர்! செய்தி கேட்டு மகாராஜா வெட்டுவதை நிறுத்தினார். பிஷ்னோய் கிராமங்களில் பச்சை மரத்தை வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது என்றும் ஆணையிட்டார்.

பிஷ்னோய் என்றால் 'இருபத்தொன்பது' என்று அர்த்தம். 1485-இல் குரு ஜம்பேஸ்வரர் அவர்களுக்கு இருபத்தொன்பது நெறிகளை வகுத்தார். பச்சை மரத்தை வெட்டாதே, பிற உயிரிடம் இரக்கம் காட்டு என்பவை அவற்றில் உண்டு.

கூட்டத்தில் எல்லாப் பெண்களும் நகை நட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. ஒரு துணிக்கு ஒட்டின இலைக்காக நான் கோடாலி எடுத்தவள் அல்லவா!

கசந்த கறியும் கற்ற சமையலும்

அந்த ஊரில் காய்கறிக்கு நான் தவித்த தவிப்பு! கோடையில் நம்மைப் போலக் கீரை, அவரை, முருங்கை என்று வகைவகையாகக் கிடைக்காது. அங்கே உள்ள பெண்களோ பாலைவனத்திலேயே கறிகாய் பறிக்கிறார்கள்.

வன்னிப் பிஞ்சுக்கு 'சாங்ரி' என்று பெயர். வேகவைத்து உலர்த்தி வருஷம் பூராவும் வைத்துக்கொள்கிறார்கள். 'கேர்' என்று ஒரு செடி. பெயருக்கு இலை இருக்கும்; மற்றபடி பச்சைக் குச்சிகளின் புதர். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய காய். மாஜி ஒரு கிண்ணம் கொடுத்தாள். சுண்டைக்காய் மாதிரி இருக்கிறதே என்று அப்படியே எண்ணெயில் வதக்கிப் போட்டுவிட்டேன். வேப்பங்காய் தோற்றது! இவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மறுநாள் மாஜி விழுந்து விழுந்து சிரித்தாள். கேரை உப்பு மோரில் சில நாள் ஊறப் போட்டு, மோரை மாற்றி மாற்றிக் கசப்பை எடுத்த பிறகே சமைக்க வேண்டுமாம். நம் சுண்டை வற்றல், மிதுக்கு வற்றல் மாதிரிதான். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டாமோ!

செய்முறை கேட்கும் சகோதரிகளுக்காக: உலர்ந்த சாங்ரி 100 கிராம், கசப்பு நீக்கி உலர்த்திய கேர் 25 கிராம். இரண்டையும் இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவி, இரவே தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து மெத்தென்று வேகவிட்டு வடிகட்டுங்கள். வாணலியில் தாராளமாக எண்ணெய் விட்டு, சீரகம், பெருங்காயம், நாலைந்து வரமிளகாய் தாளித்து, மிளகாய்த்தூள், தனியாத்தூள், ஒரு ஸ்பூன் மாங்காய்த்தூள், ஒரு பிடி உலர்ந்த திராட்சை போட்டு, வெந்ததைக் கொட்டிச் சுருளக் கிளறி இறக்குங்கள். தண்ணீர் சேர்க்காததால் இரண்டு நாள் கெடாது. கம்பு ரொட்டியோடு சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். சீதளா அம்மன் பண்டிகையன்று அங்கே அடுப்பே மூட்டாமல் முந்தின நாள் சமையலைச் சாப்பிடுவார்கள். அன்று இந்தக் கறிக்கே முதல் மரியாதை. சீதளா யார் என்கிறீர்கள்? நம் மாரியம்மனைப் போல அம்மை நோய்க்கு வேண்டிக்கொள்ளும் தேவி!

ஆனால் பாலைவனத்தில் காய்த்ததெல்லாம் தின்னக் கூடியதல்ல. மணலில் கொடி ஓடி, பந்து பந்தாகக் குட்டித் தர்பூசணி மாதிரி ஒரு காய் கிடக்கும். சின்னவன் கடிக்கப் போய்விட்டான். நல்ல வேளை, நாக்கில் பட்டதுமே துப்பிவிட்டான். அது நம்மூர்ப் பேய்க்குமட்டிதான்! வயிற்றைக் கடுமையாகக் கெடுத்துவிடும். எருக்கும் அங்கே ஏராளம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பட்டுவிட்டால் உடனே நிறைய சுத்தமான தண்ணீரால் கழுவி, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறு குழந்தை உள்ளவர்கள் நம் ஊரிலும் இதைக் கவனத்தில் வையுங்கள்.

மான்குட்டியும் கொக்குக் கூட்டமும்

ஒரு நாள் மாஜி வீட்டுக்குப் போனபோது, அவள் மருமகள் மடியில் ஒரு மான்குட்டி! சிங்காரா என்கிற சிறுமான் வகை. தாயை நாய்கள் கொன்றுவிட்டனவாம். மருமகள் பால்புட்டியில் ஆட்டுப்பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய எட்டு மாசக் குழந்தை தவழ்ந்து வந்து மான் காதைப் பிடித்து இழுக்கிறது.

"எங்க காலத்திலே புட்டி ஏது? என் ரெண்டாவது பையன் பால் குடிக்கிறப்ப இப்படி ஒரு குட்டி வந்தது. ரெண்டுக்கும் நான்தான் கொடுத்தேன்" என்றாள் மாஜி, வெகு சாதாரணமாக. பிஷ்னோய்ப் பெண்கள் இப்படிச் செய்வது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குழந்தைக்குப் பால் போதவில்லையே என்று நான் பட்ட கவலையெல்லாம் ஞாபகம் வந்து, அவளை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வளர்ந்ததும் மானைக் கட்டி வைக்கவில்லை. மற்ற மான்களோடு வயல் பக்கம் போய்விட்டது.

2015 ஜனவரியில் பலோதிக்குப் பக்கத்தில் உள்ள கீச்சன் என்ற ஊருக்குப் போனோம். மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே ஆயிரக்கணக்கான கொக்குகள் வருகின்றன. சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து; 'குர்ஜா' என்பார்கள். ஊர் ஜனங்கள் வேலி கட்டிய இடத்தில் தானியம் இறைத்து வைக்கிறார்கள். காலையில் ஒரே இரைச்சலாக வந்து இறங்கியதைப் பார்க்க வேண்டுமே! 2025-இல் அந்த ஊரின் நீர்நிலைக்கு ராம்சார் என்னும் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது என்று படித்ததும், சொந்த ஊர்ச் செய்தி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அந்த இருபது நிமிடம்

இனி சொல்லப் போவதை நினைத்தால் இப்போதும் என் கை நடுங்குகிறது.

2014 ஜூலை. முதல் மழை பெய்து, மணலில் தம்பலப்பூச்சிகள் கிளம்பியிருந்தன. சிவப்பு வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டது போல அத்தனை அழகு! சின்னவன் பகலெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொண்டு கொல்லையிலேயே இருந்தான். இரண்டைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறான். பெட்டியைச் செங்கல் குவியல் மேல் மறந்து வைத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் எடுக்க ஓடினான். வெறுங்காலோடு.

அந்தச் செங்கல் குவியலை அப்புறப்படுத்தச் சொல்லி மாஜி எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "மழைக்காலம் பேட்டி, செருப்பில்லாமே பிள்ளைங்களை விடாதே" என்றும் சொல்லியிருந்தாள். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

"அம்மா!" என்று அலறல். ஓடினேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, 'ஸ்ஸ்ஸ்' என்று அந்தச் சத்தம் செங்கல் இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் கூட இருக்காது. மண் நிறம். வளைந்து வளைந்து, உடம்போடு உடம்பை உரசிக்கொண்டிருந்தது. சுருட்டை விரியன்! அதன் செதில்கள் உரசும் சத்தம்தான் அது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையைக் கிழித்துக் குழந்தையின் காலில் இறுக்கிக் கட்டினேன். கூடிய அக்கம்பக்கத்தார் சிலர் மந்திரிக்கிறவரிடம் தூக்கிப் போகலாம் என்றார்கள். ஒருவர் கத்தியால் கீறச் சொன்னார். அப்போது சாயங்காலப் பாலோடு வந்த மாஜி ஒரு சத்தம் போட்டாள்: "அதெல்லாம் அப்புறம். முதல்லே ஆஸ்பத்திரி!" குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, எதிர் வீட்டுக்காரர் ஜீப்பில் அவளே முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கட்டைப் பார்த்து என்னைக் கோபித்துக்கொண்டார். அதை நிதானமாகத் தளர்த்திவிட்டு, கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைத்தார். "இருபது நிமிஷம் பார்க்கணும். ரத்தம் உறைஞ்சா நல்லது. உறையலேன்னா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம்" என்றார். சுருட்டை விரியன் விஷம் ரத்தம் உறைகிற சக்தியைக் கெடுத்துவிடுமாம்.

சகோதரிகளே, இரண்டு பிரசவத்திலும் நான் அத்தனை நேரம் காத்திருக்கவில்லை போல் தோன்றியது. சுவர்க் கடிகாரத்தையும் அந்தக் குழாயையும் மாறி மாறிப் பார்த்தேன். இருபது நிமிடம் கழித்து டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது.

உடனே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். பத்து குப்பிகள். "சின்னக் குழந்தைக்கு இத்தனையா?" என்று பதறினேன். "பாம்பு குழந்தைன்னு பார்த்து விஷத்தைக் குறைச்சா கொடுக்கும்? பெரியவங்களுக்கும் குழந்தைக்கும் ஒரே அளவுதாம்மா" என்றார். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. அப்போதும் உறையவில்லை, மறுபடி மருந்து. விடிகிற நேரத்தில் மூன்றாவது முறை குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக நின்றது. மாஜி இரவெல்லாம் தரையில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அந்த வார்டில் ஒரு மலையாள நர்ஸ் இருந்தாள். "உங்க ஊர் மருந்துதான் சேச்சி உங்க பிள்ளையைக் காப்பாத்தியது" என்றாள். எனக்குப் புரியவில்லை. பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறதாம். சென்னைக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே வடநெம்மேலியில், இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாராகிறது. ஊர் திரும்பிய பிறகு குழந்தைகளைக் கூட்டிப் போய் அந்த இடத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வந்தேன்.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியதை டாக்டர் சொன்னபடியே எழுதுகிறேன். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல், நடக்க விடாமல், தைரியம் சொல்லித் தூக்கிச் செல்லுங்கள். கொலுசு, மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடிக்க நேரத்தை வீணாக்காமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீடு திரும்பியதும் இவர் தடியை எடுத்துக்கொண்டு செங்கல் குவியலுக்குப் போனார். மாஜி தடுத்தாள். "அது எலியைத் தேடி வந்தது. எலி தானியத்தைத் தேடி வந்தது. ஒளிய இடம் கொடுத்தது நாமதானே?" என்றாள். எனக்கு அவள் மேல் அப்போது கோபம் வந்ததை மறைக்க மாட்டேன். பெற்ற வயிறு! ஆனால் செங்கல்லை ஒவ்வொன்றாக அவளே கம்பால் நகர்த்திக் கொடுத்தாள், வெளியே அப்புறப்படுத்தினோம். சிந்தின தானியத்தைக் கூட்டினோம். அதன் பிறகு இருட்டினால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் வாசற்படி தாண்டியதில்லை. இருந்த மீதி ஐந்து வருடமும் அந்தச் சத்தம் எங்கள் கொல்லையில் மறுபடி கேட்கவில்லை.

தொட்டியில் ஒரு வன்னி

2019-இல் விருத்தாசலத்துக்கே திரும்பிவிட்டோம். கிளம்பும் அன்று மாஜி ஒரு சின்ன மூட்டை கொடுத்தாள். ஒரு பக்கம் உலர்ந்த சாங்ரி. இன்னொரு முடிச்சில் நம் கொல்லை மரத்தின் விதை. "வெட்டணும்னு தோணினா எனக்குப் போன் போடு" என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேருமே அழுதோம்.

விதையைத் தொட்டியில் போட்டு, முளைத்த பின் கொல்லையில் நட்டேன். வன்னி மெதுவாகத்தான் வளரும். இப்போது என் தோள் உயரம் இருக்கிறது. மரக்கிளையில் தண்ணீர்ச் சட்டி கட்டித் தொங்கவிடுவது ராஜஸ்தான் வழக்கம், 'பரிண்டா' என்பார்கள். இந்த மரம் இன்னும் அவ்வளவு தாங்காது. அதனால் பக்கத்தில் கல் மேல் வைத்திருக்கிறேன். தவிட்டுக் குருவிகள் வந்து குடிக்கின்றன. கல்லூரிக்குப் போகிற என் சின்னவன் தினமும் காலையில் சட்டியைக் கழுவித் தண்ணீர் மாற்றுகிறான். செருப்புப் போட்டுக்கொண்டுதான்!

பக்கத்து மனையில் வீடு கட்ட வந்த பெண் போன மாதம் எட்டிப் பார்த்து, "ஏங்க்கா, இந்தக் கருவேல முள்ளையா தண்ணி ஊத்தி வளர்க்கிறீங்க?" என்று கேட்டாள். கோபம் வரவில்லை. "உள்ளே வாம்மா, காப்பி சாப்பிட்டுக்கிட்டே சொல்றேன்" என்றேன்.